இரண்டாவது புள்ளி

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, மலேசிய நேரம் இரவு 9.17. பினாங்கு ரெலாவில் ஒரு வாடகை அறையில், மறுநாள் வேலைக்குப் போடும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்திருப்பேன். ஞாயிறு இரவு என்றால் எனக்கு அதுதான் வேலை. அந்த நிமிடத்தில் மேற்கு வானில், சகிட்டா என்ற சின்ன விண்மீன் கூட்டம் இருக்கும் திசையிலிருந்து ஓர் ஒளி பூமியைக் கடந்து போனது. மனிதக் கருவிகள் இதுவரை பதிவு செய்ததிலேயே மிகப் பிரகாசமான காமா கதிர் வெடிப்பு அது. புறப்பட்டு ஏறக்குறைய 190 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. காமா கதிர் கண்ணுக்குத் தெரியாது, காற்று மண்டலத்தைத் தாண்டி நேராகத் தரைக்கு வருவதும் இல்லை.

ஃபெர்மி என்ற செயற்கைக்கோள் அதைப் பதிவு செய்தது. ஸ்விஃப்ட் என்ற இன்னொரு செயற்கைக்கோளின் பார்வையில் அப்போது அந்தத் திசை இல்லை. 53 நிமிடம் கழித்து, 10.10 மணிக்குத்தான் அது பார்த்தது. அதற்குள் வெடிப்பின் உச்சம் முடிந்துவிட்டது. ஸ்விஃப்ட் தன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தது மிச்சத்தைத்தான். அந்த மிச்சமே எவ்வளவு பிரகாசம் என்றால், இது நம் பால்வெளிக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு புதுப் பொருள் என்று முதலில் நினைத்துவிட்டார்கள். பிறகுதான் ஃபெர்மி பார்த்ததும் ஸ்விஃப்ட் பார்த்ததும் ஒன்றே என்று தெரிந்து, ஜிஆர்பி 221009ஏ என்று பெயர் வைத்தார்கள். ஆண்டு, மாதம், தேதி. எங்கள் தொழிற்சாலையில் பொருள்களுக்கு லாட் நம்பர் போடுவது போலத்தான்.

மிச்சம் என்று எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் அதற்கு இருக்கும் பெயரைத் தமிழில் பின்னொளி என்று சொல்லலாம். சூரியன் விழுந்த பிறகு வானில் கொஞ்ச நேரம் நிற்கும் வெளிச்சம் மாதிரி. அணைந்த அடுப்பின் தணல் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தணல் இல்லை என்று பிறகு படித்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழித்துத் தீபாவளி. சுங்கை பட்டாணிக்குப் போனேன். அப்பா லோரி ஓட்டியவர். பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிக்கொண்டு தீபகற்பம் முழுக்கப் போய் வந்தவர். கண் மங்கிய பிறகு நிறுத்திவிட்டார். முறுக்குத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் ஸ்விஃப்ட் எடுத்த படத்தை அவரிடம் காட்டினேன். நடுவில் ஒரு பிரகாசமான புள்ளி, அதைச் சுற்றி வட்ட வட்டமாக வளையங்கள்.

“என்னாடா இது, லோரி டயர் மாதிரி இருக்கு?”

வளையங்கள் நம் பால்வெளியில் இருக்கும் தூசி மேகங்களால் வருகின்றன என்று சொன்னேன். நேராக வந்த எக்ஸ் கதிர் முதலில் வந்து சேர்ந்துவிட்டது. பக்கவாட்டில் போன கதிர் தூசியில் பட்டு, திசை திரும்பி, கொஞ்சம் அதிக தூரம் சுற்றித் தாமதமாக வருகிறது. அதனால் நாளாக நாளாக வளையம் பெரிதாகிக்கொண்டே போகும். நடுவில் இருக்கும் புள்ளி மங்கிக்கொண்டே போகும்.

“மங்குதுன்னு எப்பிடித் தெரியும்? படத்துல நல்லாத்தானே இருக்கு.”

“ஒரு படத்துல தெரியாதுப்பா. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுக்கணும்.”

அப்பா தலையாட்டினார். “ராத்திரி ஹைவேல முன்னாடி ஒரு செகப்பு லைட்டு தெரியும். ஒரு தடவ பாத்தா அது நிக்குதா போவுதான்னு சொல்ல முடியாது. கண்ண எடுத்துட்டு மறுபடி பாக்கணும். அப்பதான் தெரியும், பிரேக் வைக்கணுமா வேணாமான்னு.”

அப்போது அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார். “அப்பாவோட ரத்த ரிசல்ட்ட வாட்ஸ்அப்ல அனுப்புனேனே, பாத்தியாடா?”

“பாத்தேன்மா” என்றேன். பார்த்தேன்தான், ஒரு தடவை.

*

காமா கதிர் வெடிப்பின் கதையே ஒரு தடவை பார்ப்பதற்கும் இரண்டாவது தடவை பார்ப்பதற்கும் நடுவில்தான் இருக்கிறது.

1960களில் அமெரிக்கா வேலா என்ற செயற்கைக்கோள்களை அனுப்பியது. யாராவது விண்வெளியில் திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று பார்க்கத்தான். 1967 ஜூலை 2ஆம் தேதி அவை ஒரு காமா கதிர்ப் பளிச்சைப் பதிவு செய்தன. அது குண்டு மாதிரி இல்லை. அதுபோல இன்னும் பல வந்தன. பூமியிலிருந்தும் இல்லை, சூரியனிலிருந்தும் இல்லை என்று தெரிந்த பிறகு, 1973இல் செய்தியை வெளியிட்டார்கள்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஒரு அடிப்படைக் கேள்விக்கே பதில் இல்லை. இவை எவ்வளவு தூரத்தில் நடக்கின்றன? பக்கத்தில் என்றால் சின்ன வெடிப்பு. பிரபஞ்சத்தின் மறுகோடியில் என்றால், சூரியன் தன் ஆயுள் முழுக்கக் கொடுப்பதைச் சில விநாடிகளில் கொட்டும் வெடிப்பு. 1991இல் ஏவிய காம்ப்டன் ஆய்வகம் 2,700 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை வானம் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தன. அப்படியும் பிரச்சினை தீரவில்லை. 1995 ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு பொது விவாதம் வைத்தார்கள். போடான் பச்சின்ஸ்கி ‘மிகத் தொலைவில்’ என்றார். டொனால்ட் லாம்ப் ‘நம் பால்வெளியின் வெளிவிளிம்பில்’ என்றார். இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே தரவு.

சிக்கல் கருவியில் இருந்தது. காமா கதிரை ஒளி மாதிரி ஆடி வைத்துக் குவிப்பது மிகக் கடினம். இந்தப் பக்கமிருந்து வந்தது என்று கை காட்டலாம், அவ்வளவுதான். காம்ப்டன் காட்டிய இடத்தில் பல நிலவுகளை வைக்கலாம். அந்தப் பரப்பில் எத்தனையோ விண்மீன்கள், எத்தனையோ விண்மீன் மண்டலங்கள். வெடிப்போ சில விநாடிகளில் முடிந்துவிடும். யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு சாத்தியாகிவிடும்.

எக்ஸ் கதிரைக் குவிக்கலாம். கண்ணாடியில் நேராகப் பட்டால் உள்ளே புகுந்துவிடும். ஆனால் தண்ணீர் மேல் தட்டைக் கல்லை விடுவது போல ரொம்பச் சாய்வாக விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அப்படி ஒரு புள்ளியில் சேர்க்கலாம். வெடிப்புக்குப் பிறகு எக்ஸ் கதிரில் ஏதாவது கொஞ்ச நேரம் மிஞ்சுமானால், அதை வைத்து இடத்தைச் சரியாகச் சொல்லிவிடலாம். அப்படி ஒரு மங்கல் இருக்க வேண்டும் என்று பீட்டர் மெசாரோஷும் மார்ட்டின் ரீஸும் முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தார்கள். யாரும் பார்த்ததில்லை.

1996 ஏப்ரல் 30ஆம் தேதி இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து பெப்போசாக்ஸ் என்ற செயற்கைக்கோளை அனுப்பின. அதன் சிறப்பு, மூன்று வேலைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்ததுதான். வெடிப்பைக் கவனிக்க ஒரு காமா கதிர்க் காவலாள். பரந்த வானத்தைப் பார்க்கும் எக்ஸ் கதிர்க் கேமராக்கள். சின்ன இடத்தை உற்றுப் பார்க்கும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள். ஆனாலும் முதலில் கைகூடவில்லை. ஒரு வெடிப்பைப் போய்ப் பார்ப்பதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1997 ஜனவரியில் வந்த இன்னொன்றை 16 மணி நேரத்தில் எட்டிப் பிடித்தும் தெளிவாக ஒன்றும் கிடைக்கவில்லை.

1997 பிப்ரவரி 28. நான் பிறந்த வருடம். மலேசிய நேரம் காலை 10.58க்கு வந்த வெடிப்பு ஏறத்தாழ 80 விநாடிகள் நீடித்தது. பரந்த கேமராவின் பார்வைக்குள் அது விழுந்திருந்தது. எட்டு மணி நேரத்தில் தொலைநோக்கிகளைத் திருப்பினார்கள். அங்கே ஓர் எக்ஸ் கதிர்ப் புள்ளி இருந்தது.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். புள்ளி கிடைத்துவிட்டது, ஆனால் அது எதற்கும் சாட்சி இல்லை. வானில் எக்ஸ் கதிர்ப் புள்ளிகள் எங்கும் இருக்கின்றன. தொலைவில் ஏதோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளை, சும்மா எப்போதும் அங்கே எரிந்துகொண்டிருப்பது, தற்செயலாக அந்தச் சட்டத்துக்குள் வந்திருக்கலாம். அதனால் மார்ச் 3ஆம் தேதி மறுபடி பார்த்தார்கள். அதே இடத்தில் அதே புள்ளி, இருபதில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது.

அதுதான் கண்டுபிடிப்பு. என்ரிகோ கோஸ்டா குழுவின் கட்டுரை அதே ஆண்டு வந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அதே கதைதான். யான் வான் பாராதைஸின் குழு, லா பால்மா தீவில் இருக்கும் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் பிப்ரவரி 28 இரவு எடுத்த படத்தையும், மார்ச் 8 எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. முதல் படத்தில் இருந்த ஒரு புள்ளி இரண்டாவதில் இல்லை. அதே ஆண்டு மே 8ஆம் தேதி வந்த இன்னொரு வெடிப்பின் பின்னொளியை ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கி அலசி, அது பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதைக் காட்டியது. பச்சின்ஸ்கி சொன்னதுதான் சரி. முப்பது வருடக் கேள்வி, மங்கிக்கொண்டிருந்த இரண்டு புள்ளிகளால் முடிந்தது.

*

நான் நிபோங் திபாலில் மின்னணுப் பொறியியல் படித்தேன். இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நம்பகத்தன்மைச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வேலை சுலபமாகச் சொல்லக்கூடியதுதான். சில்லுகளை 125 டிகிரி சூட்டில் அடுப்பில் வைப்போம். மொத்தம் 1,000 மணி நேரம். வைப்பதற்கு முன் ஒரு தடவை அளப்போம். 168 மணி நேரத்தில் வெளியே எடுத்து அளப்போம், 500இல் அளப்போம், 1,000இல் அளப்போம். ரீட்அவுட் என்போம். சந்தேகம் வந்தால் எக்ஸ் கதிர் எந்திரத்தில் வைத்துச் சோல்டரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்போம். ஒரே ஒரு அளவை வைத்து ‘பாஸ்’ என்று எழுதினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எண் நன்றாக இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். எண் நகர்கிறதா என்பதுதான் எங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் கேள்வி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2022 செப்டம்பரில் அம்மா அனுப்பிய ரிசல்ட்டில் ஓர் எண் இருந்தது. இஜிஎஃப்ஆர் 51. ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவு, வயது எல்லாம் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் எண் அது. தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நல்லது. பதினைந்துக்குக் கீழே போனால் டயாலிசிஸ் பற்றிப் பேச வேண்டியதுதான். அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வியாதி. தாளின் கீழே யாரோ பேனாவால் மலாயில் எழுதியிருந்தார்கள்: ‘ஊலாங் 3 பூலான்’. மூன்று மாதத்தில் திரும்பச் செய்யவும்.

எனக்கு மலாய் தெரியாதா என்ன. படத்தைப் பெரிதாக்கக்கூட இல்லை. கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டேன்.

மூன்று மாதம் வந்தது, போனது. அப்பா கிளினிக்குக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டுதான் இருந்தார். ரத்தம் எடுக்கும் நாளில் மட்டும் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். “மருந்துதான் குடுக்குறாங்களே, அப்பறம் என்னா” என்பார். மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் போவேன். அவர் எப்போதும் போல இருப்பார். எப்போதும் போல இருப்பவரைத்தான் நாம் பார்ப்பதே இல்லை.

2024 மே மாதம் அம்மா கூப்பிட்டார். அப்பாவுக்குச் செருப்பு நுழையவில்லை. கால் வீங்கியிருந்தது.

அரசாங்க மருத்துவமனை. இரவு பதினொன்றரை இருக்கும். என் வயதுதான் இருக்கும் ஒரு தமிழ் டாக்டர் வந்தார், பெண். எண்ணைச் சொன்னார்: 29.

“அங்கிள், இதுக்கு முன்னாடி கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தீங்க? இது எப்பலேர்ந்து இப்பிடி இருக்கு?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் கைப்பேசியை எடுத்தேன். தீபாவளி வாழ்த்துகள், யாருடைய திருமணப் பத்திரிகையோ, கோவில் திருவிழாப் படங்கள் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி மேலே போனேன். இருபது மாதம் மேலே போக வேண்டியிருந்தது. கிடைத்தது. தாளின் படம், அதன் கீழே என் கட்டைவிரல். டாக்டரிடம் காட்டும்போது விரலை வைத்து அதை மறைத்துக்கொண்டேன்.

*

அன்றிரவு தூக்கம் வராமல், எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். மடிக்கணினியைத் திறந்து இரண்டு புள்ளிகளை வைத்தேன். செப்டம்பர் 2022, 51. மே 2024, 29. கோடு போட்டேன். மாதத்துக்கு ஒன்று புள்ளி ஒன்று வீதம் இறங்குகிறது. அதே கோட்டை முன்னால் இழுத்தால் 2025 அக்டோபரில் பத்தைத் தொடுகிறது. மறுநாள் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“நீங்க இன்ஜினியரா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. “ரெண்டு புள்ளிய வச்சி எந்தக் கோடு வேணும்னாலும் போடலாம். நடுவுல என்னா நடந்துச்சின்னு நம்ம கையில இல்ல. அங்கிளுக்கு பிரஷர் ரொம்பக் கூடியிருக்கு, அதனாலயும் நம்பர் எறங்கியிருக்கலாம். மருந்த மாத்தியிருக்கேன். மூணு மாசத்துல மறுபடி பாப்போம். இந்தத் தடவ வந்துருங்க.”

அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. பின்னொளியில் அதைப் படித்திருந்தேன்.

மங்குவதில் இரண்டு விதம் உண்டு. மின்தேக்கி காலியாவது ஒரு விதம். அதற்கு ஒரு பாதிக்காலம் இருக்கும். ஒரு நிமிடத்தில் பாதியானால், அடுத்த நிமிடத்தில் அதில் பாதி, அடுத்த நிமிடத்தில் அதிலும் பாதி. சீக்கிரம் ஒன்றுமில்லாமல் போய்விடும். பின்னொளி அப்படி மங்குவதில்லை. 1997இல் பார்த்தது, காலத்தின் மைனஸ் 1.3 அடுக்காக இறங்கியது. அதாவது காலம் பத்து மடங்கானால் வெளிச்சம் இருபதில் ஒன்றாகும். முதல் பார்வை 8 மணி நேரத்தில், இரண்டாவது பார்வை மூன்றரை நாளில், அதாவது பத்து மடங்குக்குச் சற்று மேல். இருபதில் ஒன்று சரியாக வருகிறது. இந்தக் கணக்கில் நிலையான பாதிக்காலம் கிடையாது. ஒரு நாள் வயதில் இருக்கும் வெளிச்சம் பாதியாக இன்னும் பதினேழு மணி நேரம் போதும். ஒரு வருட வயதில் இருப்பது பாதியாக எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். வயதாக ஆக, மங்குவதே மெதுவாகிவிடுகிறது.

தணல் இல்லை என்று சொன்னேனே, காரணம் இதுதான். தணல் உள்ளே இருக்கும் சூட்டை இழந்து ஆறுகிறது. பின்னொளி வெடித்த பொருளின் சூடு இல்லை. ஒளியின் வேகத்தை ஒட்டிப் பாய்ந்த அந்தத் தாரை, சுற்றி இருக்கும் மெல்லிய வாயுவில் மோதி, அதை உழுதுகொண்டு போகிறது. மோதலில் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழன்று புதிதாக ஒளியை உண்டாக்குகின்றன. தாரை வேகம் இழக்க இழக்க எக்ஸ் கதிர் குறைகிறது. பிறகு கண்ணொளி, பிறகு ரேடியோ. ஆக, பின்னொளி எப்படி மங்குகிறது என்பதைப் பார்த்தால், அது எந்த மாதிரி இடத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பதும் தெரியும்.

பெப்போசாக்ஸ் காலத்தில் முதல் சில மணி நேரம் யாருக்கும் தெரியாது. எட்டு மணி நேரத்திலிருந்து கிடைத்த கோட்டைப் பின்னால் இழுத்து, இப்படித்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். 2004 நவம்பர் 20ஆம் தேதி ஸ்விஃப்ட் போனது. வெடிப்பைக் கண்டதும், தரையில் யாரையும் கேட்காமல், ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே திரும்பிப் பார்க்கும் எந்திரம். அது காட்டிய வளைவு கோடு மாதிரியே இல்லை. முதலில் செங்குத்தான இறக்கம். பிறகு பல வெடிப்புகளில் ஒரு சமதளம், வெளிச்சம் ஏறக்குறைய இறங்காமலேயே ஒரு மணி நேரம், சில மணி நேரம் நிற்கும். அதற்குப் பிறகுதான் பழைய கோடு. சில வெடிப்புகளில் நடுவில் திடீரென்று பளிச் பளிச்சென்று ஏறி இறங்கும். அந்தச் சமதளம் ஏன் வருகிறது என்பதற்கு இன்னும் பல விளக்கங்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் எந்திரம் இன்னும் நிற்கவில்லை, ஆற்றலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்பது அவற்றில் முக்கியமான ஒன்று.

ஸ்விஃப்டின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியைப் பற்றி ஒரு பொறியாளனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் கண்ணாடிகள் வேறொரு திட்டத்துக்காகச் செய்து கையிருப்பில் இருந்தவை. கேமராவின் சில்லை மைனஸ் 100 டிகிரியில் வைத்திருக்க ஒரு குளிரூட்டி வைத்திருந்தார்கள். மேலே போன கொஞ்ச நாளிலேயே அது பழுதாகிவிட்டது. போய்ச் சரிசெய்ய முடியாது. வெப்பத்தை வெளியேற்றும் தகடு பூமியின் சூட்டைப் பார்க்காதபடி செயற்கைக்கோளைத் திருப்பித் திருப்பி வைத்து, மைனஸ் 50, 60 டிகிரி அளவில் வேலை வாங்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் குறையோடுதான் அது நூற்றுக்கணக்கான பின்னொளிகளை அளந்தது. 2022இல் அப்பாவிடம் நான் காட்டிய டயரும் அந்தக் கேமரா எடுத்ததுதான்.

*

மூன்றாவது புள்ளி 2024 ஆகஸ்டில் வந்தது: 30. நானே லீவு போட்டு அழைத்துப் போனேன். நவம்பரில் 28. 2025இல் எடுத்தவை 27, 28, 27. கோடு இறங்கவில்லை.

இது சும்மா வரவில்லை. அம்மா கருவாட்டை நிறுத்தினார். அப்பா கோப்பி ஓவைக் கோசோங்காகக் குடிக்கப் பழகினார். முதல் வாரம் மாமாக் கடைக்காரரிடம் கோபித்துக்கொண்டாராம், கோப்பியில் ருசியே இல்லை என்று. வீட்டுப் பின்னால் ஒரு பெலிம்பிங் மரம் இருக்கிறது, நட்சத்திரப் பழம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது விஷம் மாதிரி, மூளையைத் தாக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்பா என்னிடம், “நீ எந்நேரமும் நட்சத்திரம் நட்சத்திரம்னு இருக்க. என்ன ஒரு நட்சத்திரம் திங்க விட மாட்றாங்க” என்றார். மரத்தை வெட்டவில்லை. பக்கத்து வீட்டுக்குப் பறித்துக் கொடுக்கிறோம்.

நான் சமாதானமாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன். சமதளம் என்பது ஒரு கட்டம்தான் என்று படித்தவன் நான். அதற்குப் பிறகு என்ன வரும் என்பதும் தெரியும். போன சிறுநீரகம் திரும்பி வராது. 2022 டிசம்பரில், 2023இல், அந்த இருபது மாதத்தில் அப்பாவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மெதுவாக இறங்கியதா, திடீரென்று விழுந்ததா, எந்த மாதத்தில் பிடித்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். அந்த இடத்தில் என் வரைபடத்தில் ஒரு கோடு இருக்கிறது. அது நான் போட்ட கோடு, அப்பா இல்லை.

2006 ஜூலை 29ஆம் தேதி வந்த ஒரு வெடிப்பை ஸ்விஃப்ட் நான்கு மாதம் விடாமல் பார்த்தது. அதற்கு மேல் அதனால் முடியவில்லை. பிறகு சந்திரா தொலைநோக்கி எடுத்துக்கொண்டது. நம் சந்திரசேகரின் பெயர் வைத்த அந்தத் தொலைநோக்கி, வெடிப்பு நடந்து 642ஆம் நாள் அதே இடத்தை மறுபடி பார்த்தது. பல மணி நேரம் பார்த்தும் சேர்ந்தது ஒரு சில ஃபோட்டான்கள்தான். இருந்தாலும் அது இன்னும் அங்கே இருந்தது. 642 நாள் என்பது ஏறக்குறைய இருபத்தொரு மாதம். அதைப் படித்தபோது, அப்பாவின் இரண்டு தாள்களுக்கு நடுவில் இருக்கும் காலமும் கிட்டத்தட்ட அதேதான் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கணினியை மூடினேன். நூற்றுக்கணக்கான கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒன்றை விடாமல் திரும்பிப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். சுங்கை பட்டாணி, ரெலாவிலிருந்து ஒரு மணி நேரம்.

2025இல் தீபாவளி அக்டோபர் 20. என் கோடு பத்தைத் தொட வேண்டிய மாதம். அப்பா காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அதிரசத்தில் கால்வாசி மட்டும் பிட்டுத் தின்றார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காலைப் பார்த்தேன். வீக்கம் இல்லை.

“அந்த டயர் இன்னும் தெரியுதாடா?” என்று திடீரென்று கேட்டார்.

“இல்லப்பா, வளையமெல்லாம் எப்பவோ போச்சு.”

“மறுபடி பாத்தாங்களா?”

“பாத்துக்கிட்டேதான் இருந்தாங்க, மாசக்கணக்கா.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனை நவம்பரில். இந்தத் தடவையும் தாளின் கீழே ஊலாங் 3 பூலான் என்றுதான் இருக்கும். வேலைக்குத் திரும்பிய அன்றே கணினியில் லீவுக்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற கட்டத்தில் கை பழக்கத்தில் ‘ரீட்அவுட்’ என்று தட்டிவிட்டேன். அதை அழித்துவிட்டு, அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை என்று எழுதினேன்.